பக்கத்து அறைக்குப் போன மாணவி

இனி இந்த மாடியில் இங்கிலீஷின் பேசிவ், அதாவது செயப்பாட்டு வினைப் பாடம் எடுக்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். பாடத்தைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டேன். அது உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் மையத்தை நடத்தும் சார் உங்களை எடுத்திருக்க மாட்டார். நான் சொல்லப்போவது பக்கத்து அறையைப் பற்றி.

ஜவுளிக்கடைக்கு மேலே நம் பயிற்சி மையத்துக்கு இருப்பவை இரண்டே வகுப்பறைகள். நடுவில் சுவர் கிடையாது, வெறும் பிளைவுட் தடுப்பு. தெப்பக்குளத்துப் பக்கம் ஹாரன் அடிப்பதும், கீழே கடைக்காரர் ‘வாங்கக்கா, உள்ள வந்து பாருங்க’ என்று கூப்பிடுவதும் கொஞ்ச நாளில் காதுக்குப் பழகிவிடும். தடுப்புக்கு அந்தப் பக்கம் எழும் சிரிப்பு மட்டும் பழகாது. நீங்கள் போர்டில் எழுதிக்கொண்டிருப்பீர்கள். அங்கே ஒரு வகுப்பே சேர்ந்து சிரிக்கும். உங்கள் மாணவர்களின் தலைகள் அந்தப் பக்கம் திரும்பும். அதற்குப் பிறகும் எழுத்து கோணாமல் எழுதுகிறவர் இந்த வேலையில் நிலைப்பார். எனக்கு ரொம்ப நாள் கோணியது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மீதி புரியும். நான் மண்ணச்சநல்லூர். அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர், அம்மா அதே ஆலையின் களத்தில் நெல் காயவைத்தவர். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் புத்தகம் பிடித்த கை என்னுடையது. இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும், உயரட்டும். அரசுப் பள்ளியில் படித்தேன். இங்கிலீஷை யாரும் என்னிடம் பேசியதில்லை. நானாக உட்கார்ந்து விதி விதியாக, கணக்குப் போடுவதுபோல் கற்றேன். கல்லூரி முதலாண்டில் ஒருநாள் வகுப்பின் முன்னால் நின்று நீளமான ஒரு வாக்கியத்தைத் தொடங்கினேன். பாதியில் அது கையை விட்டுப் போய்விட்டது. பின்வரிசையில் ஒருத்தி சிரித்தாள். அன்றிலிருந்து என் வாக்கியங்கள் குட்டையாகின. குட்டையானதால் சரியாகின. அதற்குப் பிறகு என் இங்கிலீஷில் பிழை கண்டுபிடித்தவர் யாரும் இல்லை.

பக்கத்து அறையில் பாடம் எடுப்பவள் வசுதா. ஸ்ரீரங்கம், சித்திரை வீதியில் வீடு. அவள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டுக்கொள்வதுகூட இங்கிலீஷில்தானாம். அதை ஒரு வேடிக்கையாக என்னிடம் சொன்னாள். எனக்கு வேடிக்கையாக இல்லை. நான் முதல் பஸ்ஸைப் பிடித்து, டோல்கேட்டில் மாறி, வகுப்பு தொடங்கும் முன்பே வந்து போர்டைத் துடைத்து வைத்திருப்பேன். அதை யாரும் கவனித்ததில்லை. அவள் காவிரிப் பாலத்தில் டிராஃபிக் என்று சொல்லிக்கொண்டு, ஸ்கூட்டி சாவியைச் சுழற்றியபடி தாமதமாக வருவாள். அவள் மாணவர்கள் மாடிப்படியிலேயே காத்துக்கொண்டு நிற்பார்கள். ஒருநாள் அவள் போர்டில் ஒரு சொல்லைத் தப்பாக எழுதிவிட்டாள். மாணவி ஒருத்தி சுட்டிக்காட்டினாள். ‘ஐயோ, தப்பு! நேக்கு எப்பவுமே இதுல தகராறு. யாராவது சரியா சொல்லுங்கோ’ என்று அவள் சிரித்தது எனக்குக் கேட்டது. நானாக இருந்தால் அன்று சாப்பாடு இறங்கியிருக்காது. அவள் சாப்பிட்டாள். என் டப்பாவிலிருந்து ஊறுகாய்கூட எடுத்துக்கொண்டாள்.

நம் மையத்தில் ஒரு பழக்கம் உண்டு. நீங்களும் பார்க்கப் போகிறீர்கள். நாற்காலிகள் ஆளுக்கு ஒன்றுதான். ஒரு மாணவர் எந்த அறையில் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று சார் சொல்லிவிட்டார். ஆனால் அறை மாறுகிறவர் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். நான் பாடம் நடத்திக்கொண்டிருப்பேன். ஒருவர் எழுந்து, ‘ஸாரி மேடம்’ என்று சொல்லி, பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு வெளியேறுவார். அது கதவில் இடிக்கும். பிறகு அந்தப் பக்கம், ‘வாங்கோ வாங்கோ, அங்க போட்டுண்டு உக்காருங்கோ’ என்று குரல் கேட்கும். ஒருவர் போனால் வருத்தம். நாலு பேர் போனால் அறையின் நடுவே தெரியும் அந்த வெற்றுத் தரை, அதுதான் பொறாமை. நான் அதைப் பார்த்துக்கொண்டேதான் பாடம் நடத்தினேன்.

முதலில் நான் செய்தது, எல்லோரும் செய்வதைத்தான். அவள் என்ன செய்கிறாள் என்று ஒட்டுக்கேட்டேன்.

எங்கள் இருவரிடமும் படித்தவர்கள் பெரும்பாலும் நர்ஸ்கள். வெளிநாட்டு மருத்துவமனைக்குப் போக அவர்கள் ஒரு தேர்வு எழுத வேண்டும். ஒரு நோயாளிக்கு என்னென்ன செய்யப்பட்டது என்று இன்னொரு மருத்துவமனைக்குக் கடிதம் எழுதுவது அதில் முக்கியமான பகுதி. அதற்குப் பேசிவ் இல்லாமல் முடியாது. நோயாளி அனுமதிக்கப்பட்டார், மருந்து நிறுத்தப்பட்டது: இது பாதிதான். எப்போது, எதனால், எந்த விதமாக என்று அந்த வினையைத் தொடர்ந்து வருகிற மீதிக்குத்தான் மதிப்பெண். நான் முதல் பாதியை விதியாக நடத்துவேன், பயிற்சி கொடுப்பேன், திருத்துவேன், அப்புறம் இரண்டாம் பாதிக்குப் போவேன். வசுதா அப்படிச் செய்யவில்லை. ‘கதவு உடைக்கப்பட்டது’ என்று இங்கிலீஷில் ஒரு வாக்கியத்தைத் தூக்கிப் போடுவாள். ‘அப்பறம்? ஏன்? எப்போ? எப்படி?’ என்பாள். ஒருத்தி, மாமியார் உள்ளே தாழ்ப்பாள் போட்டுத் தூங்கிவிட்டதால் என்பாள். இன்னொருத்தி, ஏதோ புதையல் எடுக்கப் போவதுபோல என்பாள். அவ்வளவுதான், சிரிப்பு.

மறுநாள் நானும் அதே கதவை உடைத்தேன்.

‘கதவு உடைக்கப்பட்டது’ என்றேன். ‘அப்புறம்?’

முன்வரிசையில் இருந்த புவனா மரியாதையாகக் கேட்டாள்: ‘அப்புறம் என்ன மேடம்? போலீஸ் வந்துச்சா?’

‘ஏன் உடைச்சாங்கன்னு நீங்க சொல்லணும்.’

‘எனக்கு எப்படி மேடம் தெரியும்?’

‘சும்மா கற்பனையா சொல்லுங்க.’

‘மேடம், இது டெஸ்ட்ல வருமா?’ என்றாள் இன்னொருத்தி, பேனாவை மூடாமல்.

நான் சிரித்துப் பார்த்தேன். அதுவும் உதவவில்லை. கடைசியில் புவனாதான் என்மேல் இரக்கப்பட்டாள். ‘மேடம், நீங்க ரூலே சொல்லுங்க. அதுதான் உங்களுக்கு நல்லா வரும்.’

இதில் உங்களுக்கு ஒன்று இருக்கிறது. அடுத்த அறையில் எழும் சிரிப்பை எடுத்துவந்து உங்கள் அறையில் நட முடியாது. அது வேர் பிடிக்காது, உங்கள் மண்ணும் கெட்டுப்போகும். நான் ரூலுக்கே திரும்பினேன். அந்த வாரம் இரண்டு நாற்காலி கதவில் இடித்தது.

என் அறையை விட்டு நகராமல் இருந்தவள் ஆரோக்கியமேரி. பாலக்கரையில் வீடு, தனியார் மருத்துவமனை ஒன்றில் நர்ஸ், கணவர் ஆட்டோ ஓட்டுகிறார், சிறு பெண் ஒருத்தி. அயர்லாந்தில் ஒரு மருத்துவமனை அவளைத் தேர்ந்தெடுத்திருந்தது. மற்ற எல்லாப் பகுதியிலும் தேறிவிட்டாள். கடிதம் எழுதும் பகுதியில் மட்டும் ஒரு தடவை போய்விட்டது. ‘இந்தத் தடவையும் வரலேன்னா வேற ஆளப் போட்டுருவாங்களாம் மேடம்’ என்று சேர்ந்த அன்றே சொன்னாள். அவள் வீட்டிலும் அவள்தான் முதலில் படித்தவள். அதைக் கேட்டதும் இவள் என் மாணவி என்று மனதுக்குள் எழுதிவைத்துக்கொண்டேன். வசுதாவின் அறைக்கு எத்தனை பேர் வேண்டுமானாலும் போகட்டும். இவளை நான் தேற்றிக் காட்டுவேன் என்று நினைத்தேன்.

அவள் பேசிவில் ஒரு பிழை விடமாட்டாள். அவ்வளவு பயிற்சி. ஆனால் தன் வார்டு நோயாளியைப் பற்றி அவள் எழுதுகிற பயிற்சிக் கடிதத்தைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: ஊசி நிறுத்தப்பட்டது. நோயாளி மாற்றப்பட்டார். குடும்பத்துக்குத் தெரிவிக்கப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் அழுத்தமாக ஒரு முற்றுப்புள்ளி. மீதியைச் சேர்க்கச் சொல்லி இரண்டாம் பாதியையும் நடத்தினேன், விதியை ஒப்பிக்கச் சொன்னேன். ஒப்பித்தாள். எழுதும்போது மட்டும் புள்ளி வந்து உட்கார்ந்துவிடும்.

தேர்வு நெருங்கிவிட்டது. ஒருநாள் வகுப்பு முடிந்ததும் அவளை உட்கார வைத்தேன். ‘எழுத வேண்டாம். இந்த ஊசியை ஏன் நிறுத்தினாங்க? தமிழ்ல சொல்லுங்க’ என்றேன்.

‘அதுவா மேடம்? ஊசி போட்ட கொஞ்ச நேரத்துல அந்தம்மாவுக்குக் கை காலெல்லாம் தடிச்சிருச்சு. நாந்தான் மொதல்ல பாத்தேன். டாக்டர் ரவுண்ட்ஸ்ல இருந்தாரு, ஓடிப்போய்ச் சொன்னேன், உடனே நிறுத்தச் சொல்லிட்டாரு. அப்பறம் மூச்சு வாங்க ஆரம்பிச்சதால ஐசியுவுக்கு மாத்தினோம். பெட்ஷீட்டோட அப்படியே தூக்கினோம் மேடம், உடம்பு அலுங்காம, பச்சப்புள்ளயத் தூக்குற மாதிரி.’

எப்போது, எதனால், எந்த விதமாக: எல்லாமே ஒரே மூச்சில் வந்தன.

‘இதைத்தான் எழுதணும் மேரி. ஏன் எழுத மாட்டேங்கிறீங்க?’

‘எழுதினா தப்பாயிரும் மேடம்.’

‘என்ன தப்பாயிரும்?’

‘நீளமா போனா எங்கயாவது தப்பு வரும்ல? எங்க வார்டுலயும் அப்படித்தான். ஊசி குடுத்தாச்சு சார், அவ்வளவுதான் சொல்லணும். ஏன், எப்படின்னு சொல்ல ஆரம்பிச்சா நம்ம தலையில விடியும்.’ கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரிக்காமல் சொன்னாள்: ‘நீங்களும் அப்படித்தான மேடம் எழுதுறீங்க, போர்டுல? சின்னச் சின்னதா, அழகா.’

அவள் அதைப் பாராட்டாகத்தான் சொன்னாள். நான் போர்டைப் பார்த்தேன். என் வாக்கியங்கள் இருந்தன, ஒன்றுகூட இரண்டாம் வரிக்குப் போகவில்லை.

வசுதாவிடம் இங்கிலீஷ் இருக்கிறது என்றுதான் அதுவரை பொறாமைப்பட்டேன். அது சின்னப் பொறாமை. அவளிடம் உண்மையில் இருந்தது வேறு. ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, அது எங்கே போய் முடியும் என்று தெரியாமலே நடக்க அவளால் முடிந்தது. தப்பானால் சிரிப்பாள், அவ்வளவுதான். அவள் வளர்ந்த வீட்டில் யாரும் இங்கிலீஷுக்காக அவளைப் பார்த்துச் சிரித்திருக்க மாட்டார்கள். அது படித்து வருவதில்லை. நான் எத்தனை முதல் பஸ் பிடித்தாலும் வராது. அன்று வீட்டுக்குப் போகும்போது எனக்கு வயிறு எரிந்தது என்று சொன்னால் அதுதான் சரியான சொல்.

இப்போது கணக்கு எளிது. மேரிக்குத் தேவையானது என்னிடம் இல்லை. பத்தடி தள்ளி இருக்கிறது. தேர்வுக்கு நாள் குறைவு. அறை மாற அவளாகக் கேட்க மாட்டாள். மற்றவர்கள் போனபோதே, ‘நீங்க சொன்னா போறேன், இல்லாட்டி உங்கக்கிட்டயே இருந்துக்கிறேன்’ என்று சொல்லிவிட்டாள். அதாவது போய்விட்டால் அது அவள் போனதாக இருக்காது, நான் அனுப்பியதாக இருக்கும். அனுப்பி அவள் தேறினால், தேற்றியவள் வசுதா. அனுப்பாமல் அவள் தேறாவிட்டால், என்னைக் குறை சொல்ல ஒருவரும் வரமாட்டார்கள். எல்லா விதியையும் நடத்தியிருக்கிறேன், எல்லாப் பயிற்சியையும் திருத்தியிருக்கிறேன். யாருக்கும் தெரியாத இடத்தில் எடுக்க வேண்டிய முடிவு அது. உங்களுக்கும் அப்படி ஒன்று வரும். வரும்போது நெருக்கடி போலவே இருக்காது, சாதாரண செவ்வாய்க்கிழமை போல இருக்கும்.

மறுநாள் காலை மேரி வந்து உட்காரும் முன்பே அவள் நாற்காலியை நான் தூக்கினேன்.

‘மேடம், நீங்களும் அந்த ரூம்ல சேரப் போறீங்களா?’ என்றாள் புவனா. என் அறையே சிரித்தது. நான் கொண்டுவந்த முதல் சிரிப்பு. நடையில் சார் நின்றுகொண்டிருந்தார். ‘என்னம்மா பூங்கொடி, டீச்சரே நாற்காலி தூக்கற? என்ன பிரச்சனை?’ என்றார்.

‘ஒண்ணும் இல்ல சார். மேரிக்கு அங்க இருந்தா நல்லது.’

‘அந்தப் பொண்ணு உன் பெஸ்ட் ஸ்டூடண்ட்னு சொன்னியே?’

‘அதனாலதான் சார்.’

பின்னால் மேரி பையை மார்போடு அணைத்துக்கொண்டு, பள்ளியிலிருந்து வெளியே அனுப்பப்பட்டவள்போல் வந்தாள். வசுதா அதிசயமாக அன்று சரியான நேரத்துக்கு வந்திருந்தாள். நான் ஏதோ ஒரு முகத்தை எதிர்பார்த்தேன். வெற்றி, வியப்பு, குறைந்தபட்சம் ஒரு கேள்வி. ‘ஓ, மேரியா? வாங்கோ வாங்கோ. ஃபேன் கீழ போட்டுக்கோங்கோ’ என்றாள். என்னைப் பார்த்து, ‘பூங்கொடி, மத்தியானம் ஊறுகா இருக்கோன்னோ?’ என்றாள். அவ்வளவுதான். நான் இத்தனை மாதம் அவளோடு போட்டியில் இருந்தேன். அவளுக்குப் போட்டி நடப்பதே தெரியாது. அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

முதல் இரண்டு நாள் தடுப்புக்கு அந்தப் பக்கம் மேரியின் குரலே கேட்கவில்லை. எனக்கு அதில் ஒரு சின்ன திருப்தி இருந்தது, இருந்ததை மறைப்பானேன். மூன்றாம் நாள் வசுதா அவளை எழுப்பிவிட்டாள். மேரி, ‘ஊசி நிறுத்தப்பட்டது’ என்று இங்கிலீஷில் சொல்லி நிறுத்தினாள். ‘அப்பறம்?’ என்றாள் வசுதா. மேரி அதையே திரும்பச் சொன்னாள். ‘தப்பா சொல்லுங்கோ மேரி. தப்பா ஒண்ணு சொல்லுங்கோ, கேப்போம்.’ மேரி தொடங்கினாள். அந்த வாக்கியம் போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. நான் போர்டுப் பேனாவைப் பிடித்தபடி நின்றேன். எனக்குத் தெரிந்து அதில் மூன்று பிழை, ஒரு இடத்தில் நோயாளியும் டாக்டரும் இடம் மாறிவிட்டார்கள், டாக்டருக்கே உடம்பெல்லாம் தடித்துவிட்டது. அறை வெடித்துச் சிரித்தது. இனி அவள் வாயே திறக்க மாட்டாள் என்று நினைத்தேன்.

அப்போது எல்லாச் சிரிப்புக்கும் மேலே ஒரு புதுச் சிரிப்பு கேட்டது. கொஞ்சம் கரகரப்பாக, மூச்சு முட்ட. அது யாருடையது என்று எனக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. என் அறையில் இருந்த அத்தனை நாளில் மேரி ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை.

சில நாள் கழித்து, மத்தியான இடைவேளையில் ஒரு தாளோடு என்னிடம் வந்தாள். ‘பாத்துக் குடுங்க மேடம். நீளமாத்தான் எழுதியிருக்கேன். தப்பு நிறைய இருக்கும்.’ நிறையவே இருந்தது. சிவப்புப் பேனா என் விரலில் துடித்தது. அத்தனையையும் சுழித்துக் காட்டினால் நான் எவ்வளவு நல்ல ஆசிரியை என்பது தெரியும். அவள் நாளைக்கே குட்டை வாக்கியத்துக்குத் திரும்பிவிடுவாள் என்பதும் தெரியும். ஒரே ஓர் இடத்தில் மட்டும், மருந்து கொடுத்தது தடிப்பு வந்த பிறகு என்று பொருள்படும்படி எழுதியிருந்தாள். அதை மட்டும் திருத்தினேன். ‘மத்ததெல்லாம்?’ என்றாள். ‘மத்ததெல்லாம் புரியுது. போங்க’ என்றேன். அந்த வேலையில் நான் செய்த மிகக் கடினமான திருத்தம், அன்று திருத்தாமல் விட்டவைதான். இன்னொன்றும் பார்த்தேன். அந்த நீள வாக்கியங்கள் எல்லாவற்றிலும் பேசிவ் மட்டும் ஓரிடத்திலும் பிசகவில்லை. அது எந்த அறையில் கற்றது என்று எனக்குத் தெரியும்.

மேரி தேறிவிட்டாள்.

முடிவு வந்த அன்று, நான் வகுப்பில் இருந்தபோது அவள் படியேறி வரும் சத்தம் கேட்டது. கணவரும் மகளும் கூட வந்திருந்தார்கள். கையில் இனிப்புப் பெட்டி. நடையில் ஒரு நொடி நின்றாள். பிறகு பக்கத்து அறைக்குள் போனாள். அங்கே கைதட்டல், கூச்சல், ‘பெரிய ஆளாயிட்டேள் மேரி!’ என்று வசுதாவின் குரல், அந்தச் சிறு பெண்ணுக்கு யாரோ பாட்டுப் பாடச் சொன்னது, எல்லாம் வரிசையாக நடந்தது. நான் பாடத்தை நிறுத்தவில்லை. என் எழுத்து கோணியிருக்கலாம்.

ரொம்ப நேரம் கழித்து அவள் என் வாசலுக்கு வந்தாள். பெட்டியில் இரண்டு லட்டுதான் மிச்சம் இருந்தது. வகுப்பு நடப்பதைப் பார்த்து உள்ளே வரத் தயங்கி, பெட்டியை வாசல் பக்கத்து மேசையில் வைத்தாள். மகளிடம் குனிந்து என்னைக் காட்டி ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. கீழே ஆட்டோவை எடுக்கச் சொல்லி யாரோ சத்தம் போட்டார்கள். கை காட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த மாதம் நான் கல்லூரி விரிவுரையாளராகப் போகிறேன். வசுதா இங்கேதான் இருப்பாள்; உங்களில் ஒருவருக்கு என் அறை கிடைக்கும். பொறாமைப்படாதீர்கள் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. படுங்கள். ஆனால் எதற்குப் படுகிறோம் என்பதைச் சரியாகத் தெரிந்துகொண்டு படுங்கள். அதைக் கண்டுபிடித்துவிட்டால், உங்கள் மாணவரை எங்கே அனுப்ப வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

அன்று மேரி போனதும், புதிதாகச் சேர்ந்த ஒருத்தி லட்டுப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: ‘யாரு மேடம் அவங்க? வசுதா மேடத்தோட ஸ்டூடண்ட்டா?’

‘என் ஸ்டூடண்ட்’ என்றேன். அந்தச் சின்ன அறைக்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் அதிகச் சத்தமாகவே.